மூக்குடைந்த யாளிக்கு எதிர்த் தூண்

அந்தத் தூண் எது என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் தம்பி. மகாலைக் கட்டிய ராஜா பெயர் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. வாசலில் நீலப் பலகையில், இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னம், சேதப்படுத்தினால் சிறைத் தண்டனை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நின்று முழுசாக வாசித்தவர் என்று நாற்பத்தாறு வருஷத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு ஆள். அவரும் அந்தப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்.

உட்காருங்கள். இந்தப் படி குளுமையாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரம்மா கிணற்றைப் போட்டோ எடுத்து முடித்துவிட்டு வரட்டும். அந்தக் கிணற்றில் முதலை இருந்தது. இப்போது இல்லை, பதற வேண்டாம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதைச் சீமைக்குக் கொண்டுபோய்விட்டார். போகிற வழியில் கப்பலில் அது பாதி மாலுமிகளோடு சிநேகமாகிவிட்டதாகக் கேள்வி.

என் பெயர் பூவலிங்கம். சட்டையில் அட்டை தொங்காத வழிகாட்டி. அட்டை தொங்குகிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், நல்ல பையன்கள். ஆனால் அவர்கள் சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்வது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எது கஷ்டமான வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

மகாலைக் கட்டியவர் பெத்தண்ண நாயக்கர். முந்நூற்றெண்பது வருஷம் ஆகிறது. மொத்தம் தொண்ணூற்றாறு தூண், ஒவ்வொன்றும் நாற்பதடி. பார்த்தால் கல் மாதிரி இருக்கிறதல்லவா? கல்லே இல்லை, உள்ளே வெறும் செங்கல். மேலே சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். தலைக்கு மேலே பாருங்கள், குவிமாடம். ஒரு மரக்கட்டை கிடையாது, ஒரு இரும்புத் துண்டு கிடையாது. செங்கல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு முந்நூற்றெண்பது வருஷமாக நிற்கிறது.

இதுவரை நான் சொன்னது அத்தனையும் நிஜம். இனிமேல் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றாறு தூணுக்கு எத்தனை முட்டை வேண்டும்? சுற்று வட்டாரத்தில் ஏழு ஊர்க் கோழி முட்டையும் இங்கே வந்துவிட்டது. அடைக்கு வைக்க ஒன்று மிஞ்சவில்லை. இரண்டு வருஷத்துக்கு அந்த ஏழு ஊரிலும் சேவலே கூவவில்லை. ஜனங்கள் விடிந்தது தெரியாமல் மத்தியானம் வரைக்கும் தூங்கியிருக்கிறார்கள். வெள்ளைக்கரு தூணுக்குப் போயிற்று, மஞ்சள் கரு என்ன ஆயிற்று என்று ஒரு வாத்தியாரம்மா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதை அரண்மனைச் சிப்பாய்களுக்குப் போட்டார்கள். தின்று தின்று அவர்கள் ஊதிப்போய், வாசலுக்குள் இருவர் சேர்ந்து நுழைய முடியவில்லை. அதனால்தான் வாசலை அவ்வளவு அகலமாக இடித்துக் கட்டினார்கள். வரும்போது பார்த்தீர்களே, அந்த வாசல்.

இப்போது தூணுக்கு வருகிறேன். இந்தத் தூண்கள் எல்லாம் ஒரே பருமன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. கட்டும்போது ஒரே பருமன்தான். அப்புறம் கும்பினிக்காரன் வந்து இதைக் கலெக்டர் கச்சேரி ஆக்கினான், ஒரு பூச்சு பூசினான். பிறகு நெல் குடோன், அதற்கு ஒரு பூச்சு. பிறகு ஜில்லா கோர்ட், ஆளுக்கு ஒரு பூச்சு. மேற்கு வரிசையில் மழைச் சாரல் அடிக்கும், ஆகையால் அங்கே பூச்சுக்கு மேல் பூச்சு ஏறித் தூணெல்லாம் தொந்தி வைத்துவிட்டது. ஆனால் கிழக்கே மூன்றாம் வரிசையில், மூக்குடைந்த யாளிக்கு எதிரே ஒரு தூண் இருக்கிறது. கோர்ட் காலத்தில் அதைச் சுற்றிச் சுவர் வைத்துப் பழைய கேஸ் கட்டுகளைப் போட்டிருந்தார்கள். பூசுகிறவன் உள்ளே போகவே இல்லை. பெத்தண்ணர் காலத்துப் பூச்சோடு அது மட்டும் ஒல்லியாக நின்றது. இதுவும் நிஜம். நானே கயிறு போட்டு அளந்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முந்தி ஒரு நாள், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக், சொர்ணமுத்து என்று பெயர். அவள் பேச்சியம்மாள், மாம்பழக் கலர் புடவை. பெண் கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக் கிளப்பியவன், மாறி ஏற வேண்டிய பஸ்ஸைக் கோட்டைவிட்டு இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டான். டிப்போ மெக்கானிக்குக்கே எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வராதா? அந்த ஒல்லித் தூணில் முதுகைச் சாய்த்து, முகத்தை யாளி பக்கம் திருப்பி உட்கார்ந்துவிட்டாள். அவன் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். கூப்பிட்டால் இவள் திரும்பவில்லை.

எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் போய், இது என்ன தூண் தெரியுமா அம்மா என்று ஆரம்பித்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிற்று. பெத்தண்ணருக்கும் அவர் ராணிக்கும் கல்யாணமான புதிதில் ஒரு சண்டை வந்தது. ராணி முகம் கொடுக்கவில்லை. சிற்பி யோசித்து, ராஜா கை இரண்டு, ராணி கை இரண்டு, நாலு கையும் சேர்த்து அளவெடுத்து அதே சுற்றளவில் ஒரு தூண் கட்டினான். இருவரும் எதிரெதிரே நின்று தூணைக் கட்டிப் பிடித்தார்கள், விரல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுக்கொண்டன, சண்டை தீர்ந்தது. அன்றிலிருந்து இந்தத் தூணில் யாருக்குக் கை சேர்கிறதோ அவர்களுக்குப் பொருத்தம் ஆயுசுக்கும் நிற்கும்.

அவள் எழுந்தாள். இருவரும் கட்டிப் பிடித்தார்கள். நான் இந்தப் படியில் நின்று கேட்டேன், ராஜா கை, ராணி கை, சேர்ந்ததா என்று. சேர்ந்துவிட்டது என்று அவன் சொன்னான். ஆமாம் என்று அவளும் சொன்னாள். சிரித்துக்கொண்டே போனார்கள். போகிற வழியில் வாசலில் என் வீட்டுக்காரி சண்முகக்கனியிடம் நன்னாரி சர்பத் குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

அவ்வளவுதான் தம்பி. நான் ஒரு தரம்தான் சொன்னேன். அடுத்த மாசம் அவர்கள் ஊரிலிருந்து இன்னொரு ஜோடி வந்து கைப்பொருத்தத் தூண் எங்கே என்று கேட்டது. பிறகு வேனில் வர ஆரம்பித்தார்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு மாலையும் கழுத்துமாக வருவார்கள். நான் ஆளைப் பார்த்துத் தூண் கொடுப்பேன். ஒரு மாப்பிள்ளை என்னை ‘ஏய் கைடு’ என்று கூப்பிட்டான். மேற்கு வரிசையில் ஆறாவதைக் காட்டினேன். அதை ஆக்டோபஸ் கட்டிப் பிடித்தாலும் சேராது. அப்புறம் பெண் கண்ணைக் கசக்கவும் மனசு கேட்காமல், அது தளபதித் தூண் அம்மா, ஜோடித் தூண் அதோ என்று ஒல்லித் தூணுக்கு அழைத்துப் போனேன். நான் அப்படியொன்றும் கல் நெஞ்சக்காரன் இல்லை.

இதற்கெல்லாம் எனக்கு வீட்டில் ஒரு மரியாதை கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. எனக்கு ஒரே மகள், மாரிச்செல்வி. அவள் என்ன வேலைக்குப் போனாள் தெரியுமா? சர்வேயர். வயல் வயலாகப் போய் நிலம் அளக்கிறவள். ஒரு நூல் அங்கே இங்கே போனால் தூக்கம் வராது. சின்ன வயதில் நான் அவளுக்கு முதலைக் கதை சொன்னேன், கிணற்றின் அகலத்தை ஸ்கேலால் அளந்துவிட்டு வந்து, முதலை திரும்பவே இடம் பத்தாது அப்பா என்றாள். நீங்க பொய் சொல்லிச் சொல்லித்தான் புள்ள இப்படி ஆயிட்டா என்பாள் என் வீட்டுக்காரி. நான் அப்படி நினைக்கவில்லை. அது அவள் தாய்வழி.

கல்யாணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளைகள் பதினொரு பேர். பதினொரு பேரையும் வேண்டாம் என்றாள். ஒருவன் உயரத்தில் இரண்டங்குலம் கூட்டிச் சொன்னான், ஒருவன் படிப்பில் ஒரு வருஷம் கூட்டிச் சொன்னான். எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். இருபத்தெட்டு வயதாயிற்று. நானும் சண்முகக்கனியும் பேசுவதையே நிறுத்திவிட்டோம், பேசினால் அதில்தான் போய் நிற்கும் என்று.

அப்புறம்தான் போன தைக்கு முந்தின தையில் ஒருவன் வந்தான். ஆவுடையப்பன். மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். ஆள் கொஞ்சம் குட்டை. இவள் அவர்கள் வயலை அளக்கப் போனவள், எல்லைக் கல் இரண்டடி பக்கத்து வயலுக்குள் இருக்கிறது என்று சொல்லிப் பிடுங்கி உள்ளே நட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவனுக்கு இரண்டடி நிலம் போயிற்று. மறு வாரம் பெண் கேட்டு வந்துவிட்டான். ஏனப்பா என்று கேட்டேன். கல்லைப் பிடுங்கும்போது அவங்க முகத்தைப் பாத்தேன் மாமா, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல என்றான். மாரிச்செல்வி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது ஆளுக்குத்தான் முதல் முறையாகச் சரி என்றாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? இவர்கிட்ட அளவு சரியா இருக்கு அப்பா என்றாள்.

மறு வாரம் பையனின் அம்மா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துச் சிரித்து, “என்ன அண்ணாச்சி, அடையாளம் தெரியுதா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. சண்முகக்கனிக்குத் தெரிந்துவிட்டது. மாம்பழக் கலர்ப் புடவைப் பேச்சியம்மாள். சொர்ணமுத்து காலமாகி ஐந்து வருஷம் ஆகிறதாம். பையன் அவர்கள் மகன்.

காப்பி குடித்துவிட்டு அந்த அம்மா சொன்னார். “எனக்கு ஜாதகம் வேண்டாம். சீர் வேண்டாம், நகை வேண்டாம், உங்க இஷ்டம். ஆனா தூணு பாக்கணும் அண்ணாச்சி. எந்தத் தூணுல எனக்கும் அந்த மனுசனுக்கும் பாத்தீயளோ, அதே தூணு. யாளிக்கு மூக்கு இல்லாம இருக்குமே, அதுக்கு எதிரே. கை சேந்தா மறுநாளே தாம்பூலம் மாத்திக்கிடலாம்.”

சண்முகக்கனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். ஒல்லித் தூண், யாருக்கும் சேரும். ஆனால் அவர்கள் தெருமுனை தாண்டியதும் என் மகள் வந்து நின்றாள். அவள் நிற்கிற விதத்திலேயே நிலம் அளக்கிற சங்கிலியும் கொடிக் கம்பும் கையில் இருப்பது போலத் தோன்றும்.

“அப்பா, அந்தத் தூண் கதை நீங்க கட்டினதுதானே?”

கட்டினது என்று சொல்ல முடியாது, பெத்தண்ணர்தான் கட்டினார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“என் கல்யாணத்தைப் பொய் மேல நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தூணுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிருங்க. சொல்லாட்டா நான் சொல்லுவேன்.”

சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணினேன். வேறு என்ன செய்ய? பன்னிரண்டாவது ஆளும் கை நழுவினால் பதின்மூன்று என்று ஒன்று கிடையாது என்று எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு நாளும் என்னிடம் எதையும் கேட்காதவள் கேட்கிறாள்.

இதற்கு நடுவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று மாசம் முன்னால் தொல்லியல் துறைக்காரர்கள் வந்து கிழக்கு வரிசைகளில் சாரம் கட்டிச் சாக்குப் படுதா போட்டு மூடினார்கள். பழைய பூச்சு வெடித்திருக்கிறது, பெத்தண்ணர் காலத்து முறையிலேயே புதுப் பூச்சு பூசுகிறோம் என்றார்கள். கடுக்காய், கருப்பட்டி எல்லாம் வண்டியில் வந்து இறங்கிற்று. நானும் கூடவே நின்று யோசனை சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, அது வேறு விஷயம். செவ்வாய்க்கிழமைதான் சாரத்தைப் பிரித்தார்கள். தூண் பளபள என்று புதுப் பெண் மாதிரி நின்றது. ஆகா, நம் வீட்டு விசேஷத்துக்கென்றே சர்க்கார் வெள்ளையடித்திருக்கிறது என்று பூரித்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். அம்மாவும் மகனும் மட்டும். நான் வாசலிலேயே அந்த அம்மாவைத் தனியாக மடக்கினேன், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. பார்த்தால் அதே மாம்பழக் கலர்ப் புடவை. வெளுத்துப் போய், மடித்த இடமெல்லாம் கோடு விழுந்து. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். சொர்ணமுத்து கடைசி வரைக்கும் அவரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகவே இல்லையாம். ஒவ்வொரு வருஷமும் கிளம்புவார்களாம், ஏதாவது வந்து தடுத்துவிடுமாம். கோபித்துக்கொண்டால், நமக்குத்தான் தூணில் கை சேர்ந்துவிட்டதே, கடல் எங்கே ஓடிப் போகிறது என்பாராம். ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதையே சொன்னாராம். “அந்த ஒரு வார்த்தையை வச்சே இருபத்தஞ்சு வருசம் ஓட்டிட்டாரு அண்ணாச்சி” என்று சொல்லிச் சிரித்தார்.

நீங்களே சொல்லுங்கள் தம்பி, அதன் பிறகு எந்த மனுஷனால் சொல்ல முடியும்? நான் வாயைத் திறந்து, நல்ல வெயில் அம்மா, உள்ளே வாங்க என்றேன். என் மகள் தூரத்தில் நின்று பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். சொல்லிவிட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டு.

தூணடிக்கு வந்தோம். மாரிச்செல்வி இந்தப் பக்கம், ஆவுடையப்பன் அந்தப் பக்கம். மார்பும் கன்னமும் சுண்ணாம்பில் ஒட்ட இருவரும் கையை நீட்டினார்கள். பேச்சியம்மாள் யாளிக்குப் பக்கத்தில் நின்றார். சண்முகக்கனி சர்பத் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் இந்தப் படியில் ஏறி நின்று, எப்போதும் கேட்கிற மாதிரி கணீரென்று கேட்டேன், ராஜா கை, ராணி கை, சேர்ந்ததா?

“சேந்துருச்சு மாமா” என்றான் அவன்.

“சேரல” என்றாள் இவள். “வலது பக்கம் தொட்டிருக்கு. இடது பக்கம் அரை அடி குறையுது.”

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

பேச்சியம்மாள் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். “ஏலே ஆவுடை, என்னத்தலே சேந்துருச்சுங்க? நடுவுல ஒரு ஆட்டுக்குட்டி போகும் போல இருக்கே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒல்லித் தூண், முப்பது வருஷமாக எல்லாருக்கும் சேர்ந்த தூண். என் மகள்தான் தூணைக் கட்டிப் பிடித்தபடியே கணக்குச் சொன்னாள். “புதுப் பூச்சு ஒரு அங்குலம் கனம் அப்பா. கனம் ஒரு அங்குலம் ஏறினா சுத்தளவு ஆறு அங்குலத்துக்கு மேல ஏறும்.” பாருங்கள், தன் கல்யாணம் கலைகிற நேரத்தில் கணக்குச் சொல்கிறது பிள்ளை. ஆனால் கையை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. எட்டின வலது பக்கத்தில் இரண்டு பேர் விரலும் கோத்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

சரி, இனி மறைத்துப் பயன் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன் தம்பி, உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அம்மா, இந்தத் தூணைப் பத்தி உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு” என்று ஆரம்பித்தேன். அது வரைக்கும் நேராகத்தான் போயிற்று. ஆனால் வாய்க்கு அது பழக்கம் இல்லாத வழி. பாதி தூரம் போய்த் திக்குத் தெரியாமல் முழித்துவிட்டு, பழைய பாதைக்கே திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டது.

பெத்தண்ணர் காலத்திலேயே இது நடந்திருக்கிறது அம்மா, என்றேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தூணுக்குப் புதுப் பூச்சு பூசினார்கள். ராஜாவும் ராணியும் வந்து கட்டிப் பிடித்தால் கை எட்டவில்லை. சபையே நடுங்கிப் போயிற்று. தூணை இடித்துவிடலாம் என்றார் மந்திரி. சிற்பியின் தலையை வாங்கிவிடலாம் என்றார் தளபதி. அப்போது ராஜமாதா வெங்கம்மாள் பல்லக்கை விட்டு இறங்கி வந்தாள். இடிக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், என் கை எதுக்கு இருக்கு என்று சொல்லி, இடைவெளியில் தன் கையைக் கொண்டுபோய் வைத்தாள். விரல் நுனி மகன் கையில், மணிக்கட்டு மருமகள் கையில். சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் கை சேர்வது வெறும் ஜோடிப் பொருத்தம். மாமியார் கையும் சேர்ந்தால்தான் அது குடும்பப் பொருத்தம் என்று செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். அந்தச் செப்பேட்டை வெள்ளைக்காரன் முதலையோடு கொண்டுபோய்விட்டான்.

சொல்லி முடித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சண்முகக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன், தோள் குலுங்கிற்று.

எனக்குப் பயமெல்லாம் என் மகளை நினைத்துத்தான். பொய் என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் முடிந்தது. அவளுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. கன்னத்தில் வெள்ளைச் சுண்ணாம்போடு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பேச்சியம்மாள் உள்ளங்கையைப் புடவையில் ஒரு தரம் துடைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து, படியிறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தால், அந்த அம்மா தூணோடு தூணாகச் சாய்ந்து தன் கையை இடைவெளியில் வைத்திருக்கிறார். புதுச் சுண்ணாம்பு அவ்வளவு வெள்ளை, அதன் மேல் அந்தக் கை, நரம்போடி, அத்தனை கறுப்பு. மகன் விரல் இந்தப் பக்கம், என் மகள் விரல் அந்தப் பக்கம்.

“இப்ப பாத்துச் சொல்லு தாயி” என்றார். “நீ சொன்னாத்தான் சரி.”

மாரிச்செல்வி தலையைச் சாய்த்து அந்தக் கையைப் பார்த்தாள். வயலில் கல் நடும்போது பார்ப்பாளே, அந்த மாதிரி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு.

“சேந்துருச்சு அத்தை” என்றாள். “ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

மறுநாளே தாம்பூலம் மாற்றினோம். பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? தாலி கட்டின மறுநாள் பெண்டாட்டியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே கன்னியாகுமரிக்குப் போய்விட்டான். பஸ்ஸைக் கோட்டைவிடவில்லை. மாரிச்செல்வி முந்தின வாரமே டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

ஆனால் எனக்கு எது பெரிசு தெரியுமா தம்பி? இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக என் மகள் நான் சொன்ன சரித்திரத்தை நம்பினாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையே. எனக்கு அது போதும்.

ஒரே ஒரு விஷயம்தான் கொஞ்சம் இடிக்கிறது. அன்றைக்குத் தூணடியிலிருந்து வெளியே வந்து எல்லாரும் சர்பத் குடித்தோம். பிள்ளைகள் இருவரும் கிணற்றைப் பார்க்கப் போனார்கள், முதலைக்கு இடம் பத்துமா பத்தாதா என்று அவள் அவனுக்குக் காட்டுகிறேன் என்றாள். பேச்சியம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“அன்னைக்கும் சேரல அண்ணாச்சி.”

என்ன சேரவில்லை என்று கேட்டேன்.

“எங்களுக்கு. இந்தப் பக்கம் தொட்டுச்சு. அந்தப் பக்கம் என் விரலுக்கு வெறும் சுண்ணாம்புதான் தட்டுப்பட்டுச்சு. அந்த மனுசன் கொஞ்சங்கூட யோசிக்காம சேந்துருச்சுன்னாரு. கடலைத்தான் காட்டல, பாவம், இதுலயாவது ஜெயிக்கட்டும்னு நானும் ஆமான்னேன். அதுக்கப்புறம் அவரு சொன்ன பொய்யெல்லாம் எனக்குத் தெரியும், நான் தலையாட்டினதெல்லாம் அவருக்கும் தெரியும். நல்லாத்தான் இருந்தோம். ஆனா வீட்டுல ரெண்டு பேரும் அப்படியே இருந்தா வண்டி எங்கயாவது போய் முட்டும்லா? என் மவன் அவன் அப்பன் மாதிரி, அன்பு வந்தா அளவு தெரியாது. பக்கத்துல நின்னு சேரலன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். சேரலன்னு சொல்லிட்டுக் கையை எடுக்காம நிக்கவும் வேணும். அதைப் பாக்கத்தான் தூணு வேணும்னு கேட்டேன்.”

நான் சண்முகக்கனியைப் பார்த்தேன். அவள் தம்ளரைக் கழுவிக்கொண்டே, “உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா? முப்பது வருசம் முன்னாடி சர்பத் குடிக்கும்போதே இந்த அக்கா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க” என்றாள். முப்பது வருஷம் தம்பி. ஒரே வீட்டில். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

நான் அதை நம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு வயதாயிற்று, ஞாபகம் பிசகியிருக்கும். சண்முகக்கனிக்கு மற்றவர் பேசினால் கூடச் சேர்ந்து தாளம் போடுகிற குணம் உண்டு.

அதோ உங்கள் வீட்டுக்காரம்மா வருகிறார். வாம்மா மகளே, வா. தூண் ரெடி. மாமியாரைக் கூட்டி வரவில்லையா? கவலைப்படாதே. இப்போதெல்லாம் மாமியார் இல்லாமல் வருகிற ஜோடிக்கு சண்முகக்கனிதான் வந்து கை கொடுக்கிறாள். அவள் கை கொஞ்சம் சர்பத் வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தம்பி, அன்றைக்குப் பேச்சியம்மாளுக்கும் சொர்ணமுத்துவுக்கும் கை சேர்ந்தது. நான் பார்த்தேன். இதோ, இந்தப் படியில்தான் நின்றேன், இதே இடத்தில். இங்கிருந்து பார்த்தால் தூணின் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும். எங்கே, எழுந்து நின்று நீங்களே பாருங்கள்.

என்ன, இடது பக்கம் தெரியவில்லையா?

உங்களுக்கு வெயில் கண்ணில் அடிக்கிறது.